பீச் மரங்கள் நின்ற கரை

அன்புள்ள சார்,

நான் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் திருமண நாளுக்கு நானும் மனைவியும் ஃபிங்கர் லேக்ஸ் பகுதிக்குப் போய்வந்தோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம்தான். ஊரிலிருந்து மாமியார் வந்திருப்பதால் பையன்கள் இருவரையும் அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்ப முடிந்தது. செனிக்கா ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கினோம். ஒன்பது ஒயினரி, வாட்கின்ஸ் க்ளென், டகானக் அருவி என்று நான் போட்டிருந்த பட்டியலை முழுவதுமாக முடித்தோம்.

இரண்டாம் நாள் காலை, தங்கியிருந்த வீட்டின் படகுத்துறையில் உட்கார்ந்திருந்த மனைவி, "இன்னும் ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கலாமே" என்றாள். அடுத்த ஒயினரியில் பதினோரு மணிக்கு முன்பதிவு செய்திருந்தேன். கிளம்பிவிட்டோம். அன்று முழுக்க அவள் அதிகம் பேசவில்லை. திரும்பி வந்ததிலிருந்து எனக்கும் ஏதோ ஒரு வெறுமை. வயதானவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒயின் குடிக்கப் போன உறுத்தலா என்றும் தெரியவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைக்கிறேன். உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. நம் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஆயிரம் வருடக் கோயில் இருக்கும், ஒரு கதை இருக்கும். இங்கே வரலாறு என்று எதுவும் இல்லை. ஏரி, தோட்டம், ஒயின், அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதுவது எப்படி?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

1779-ல் அதே ஏரிக்கரைகளில் நடந்துபோன படைவீரர்களின் நாட்குறிப்புகளைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1887-ல் நியூயார்க் மாநிலமே அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அந்த நேரம் பார்த்து, "இங்கே வரலாறு என்று எதுவும் இல்லை" என்ற வரியோடு உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதனால்தான் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பேரப்பிள்ளைகளோடு இரண்டு நாள் தனியாக இருக்கக் கிடைத்ததில் உங்கள் மாமியாருக்கு வருத்தம் இருந்திருக்காது. இருந்தால் சொல்லிவிடுவார், கேட்டுப் பாருங்கள். ஒயின் குடித்ததும் பெரிய விஷயமில்லை. பிள்ளைகள் பிறந்தபின் கணவனும் மனைவியும் தனியாக எங்காவது போய்வருவது நம் வீடுகளில் அபூர்வம். நீங்கள் போய்வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் உங்கள் மனைவி ஒரு மணி நேரம்தான் கேட்டார். திருமண நாளுக்காகப் போன பயணத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க. அதைக் கொடுக்காமல் அடுத்த ஒயினரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். அங்கே கவுண்டரில் ஊற்றிக் கொடுத்த வெள்ளை ஒயினுக்கான ரீஸ்லிங் திராட்சை அந்தச் சரிவில் விளைவதற்குக் காரணமே அவர் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பனியூழியில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் குடைந்து ஆழமாக்கியதில் உண்டானவை ஃபிங்கர் லேக்ஸின் பதினோரு ஏரிகளும். செனிக்கா ஏறக்குறைய 61 கிலோமீட்டர் நீளம், 188 மீட்டர் ஆழம். அதன் அடித்தரை கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் கோடையில் வாங்கிய வெப்பத்தைச் சீக்கிரம் விடாது. சுற்றியுள்ள நிலம் இறுகிக் கிடக்கும் ஜனவரியில்கூட ஏரி முழுவதும் உறைவது மிக அபூர்வம். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து கீழே இறங்கிவிட, ஏரியின் மேலிருந்து வெதுவெதுப்பான காற்று மேலே ஏறும். கொடிகள் பிழைத்துக்கொள்ளும். வசந்தத்தில் இதற்கு நேர் எதிராக நடக்கும். ஏரி இன்னும் குளிர்ந்திருப்பதால் மொட்டுகள் அவசரப்பட்டு விரியாது, கடைசி உறைபனிக்குத் தப்பிவிடும். தென்கிழக்குக் கரையில் ஹெக்டரை ஒட்டிய சரிவை அங்கே 'பனானா பெல்ட்' என்கிறார்கள். வாழை ஒன்றும் விளையாது, மற்ற கரைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வெப்பம், அதற்கே அந்தப் பெயர்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே வளர்ந்தவன். எங்கள் பக்கம் பன்னீர் திராட்சை ஏதாவது ஒரு தோட்டத்தில் வருடம் முழுக்க வெட்டிக்கொண்டே இருப்பார்கள். கவாத்து செய்தால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். கொடி மாதக்கணக்கில் செத்ததுபோல் நிற்கும் ஒரு தேசத்தில் திராட்சைக்காக ஆயுளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. கான்ஸ்டன்டைன் ஃப்ராங்கைப் பற்றிப் படித்தது அப்படித்தான். உக்ரைனில் பிறந்தவர், திராட்சை வளர்ப்பில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1951-ல், ஐம்பது வயதைக் கடந்தபின், குடும்பத்தோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். ஆங்கிலம் சரியாக வராது. செனிக்கா ஏரியின் வடமுனையில் ஜெனீவா ஊரில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது களை கொத்தும் வேலை.

இந்தக் குளிரில் ஐரோப்பியக் கொடி பிழைக்காது என்று அங்கே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இதைவிடக் குளிரான இடத்தில் வளர்த்திருக்கிறேன், குறை வேரில் இருக்கிறது என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கோல்ட் சீல் ஒயின் நிறுவனத்தில் இருந்த ஷார்ல் ஃபூர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் காதுகொடுத்துக் கேட்டார். குளிர் தாங்கும் வேர்த்தண்டைத் தேடிப் போய்க் கடைசியில் கியூபெக்கில் ஒரு கன்னியர் மடத்தில் கண்டுபிடித்தார்கள். ஒட்டுக் கட்டினார்கள். 1957-ன் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனபோது உள்ளூர் ரகங்களே அடிபட்டன, இவருடைய ரீஸ்லிங் தப்பியது. 1962-ல் கியூகா என்ற இன்னொரு ஏரிக்கு மேலே சொந்தமாக ஒயினரி தொடங்கினார். 1976-ல் பண்ணை ஒயினரிச் சட்டம் வந்தபின் மற்ற சிறு விவசாயிகளும் தங்கள் திராட்சையைத் தாங்களே ஒயினாக்கி நேரடியாக விற்கத் துணிந்தார்கள். நீங்கள் ஒன்பது இடங்களில் குடித்திருக்கிறீர்கள். வேறொரு நாட்டிலிருந்து வந்து சொல்லுக்கு மதிப்பில்லாமல் நின்ற அந்த மனிதரைப் பற்றி, நீங்களும் வேறொரு நாட்டிலிருந்து போனவர், எங்காவது ஒரு இடத்தில் கேட்டிருக்க வேண்டாமா?

இது எழுபது வருடக் கதை, நான் கேட்பது பழைய வரலாறு என்பீர்கள். சரி, பின்னால் போவோம்.

ஹாடனோஷோனி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பில் செனிக்கா, கையூகா இரண்டும் உண்டு. மரச்சட்டத்தில் எல்ம் மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடுகளில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விதைத்தார்கள். ஆப்பிளும் பீச்சும் ஐரோப்பியர்கள் கொண்டுவந்த மரங்கள். இவர்கள் அவற்றை வாங்கித் தோப்புகளாக்கினார்கள். நீங்கள் சுற்றிவந்த செனிக்கா ஏரியின் கிழக்குக் கரையில் கெண்டையா என்ற ஊர் ஆப்பிள் தோப்புக்குப் பேர்போனது. கையூகா ஏரிக்கரையில் இன்று அரோரா இருக்கும் இடத்தில் சோனோடோட் என்று ஓர் ஊர். அங்கே பீச் மரங்கள் மட்டும் 1500.

அமெரிக்க விடுதலைப் போரில் இந்த இனங்களில் பெரும்பகுதி பிரிட்டனோடு நின்றது. 1778-ல் செர்ரி வேலி என்ற குடியேற்றத்தில் அவர்களும் பிரிட்டிஷ் ஆதரவாளர்களும் சேர்ந்து குடியேறிகளைக் கொன்றார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. மறு வருடம் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன், தளபதி சல்லிவனை அங்கே அனுப்பினார். குடியிருப்புகளை முற்றாக அழிக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தார். ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன.

அந்த நாட்குறிப்புகளில் சண்டை அதிகம் இல்லை. பெரும்பாலான ஊர்களை விட்டு மக்கள் முன்பே ஓடிவிட்டார்கள். பக்கம் பக்கமாக இருப்பது பயிர்களும் மரங்களும்தான். எழுதியவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பையன்கள். மண் எவ்வளவு வளமானது, சோளக்கதிர் எவ்வளவு நீளம் என்று வியந்து எழுதுகிறார்கள், அடுத்த வரியிலேயே அதை எரித்ததை எழுதுகிறார்கள். செப்டம்பர் 24 அன்று ஒரு பிரிவு சோனோடோட்டுக்கு வந்து பீச் தோப்பை அழித்தது. கோடாலியால் வெட்டினார்கள். சில ஊர்களில் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டு மரத்தைத் தானாகச் சாகவிட்டார்கள். எரிந்த வீட்டை ஒரு மாதத்தில் கட்டிக்கொள்ளலாம். பழமரம் போனால் திரும்பி வந்தவன் பல வருடம் காத்திருக்க வேண்டும். மண்ணில் வேலை செய்தவனுக்குத்தான் இது தெரியும், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

தொடர்ந்து வந்த குளிர்காலம் மிகக் கொடியது. ஆயிரக்கணக்கானவர்கள் நயாகரா கோட்டையைச் சுற்றி அகதிகளாகக் கிடந்தார்கள், பலர் பசியிலும் குளிரிலும் இறந்தார்கள். போர் முடிந்ததும் அந்த நிலத்தை அளந்து, சாதாரண வீரருக்கு 600 ஏக்கர் என்று போர்ச் சேவைக்குச் சன்மானமாகப் பங்கு போட்டார்கள். ஹெக்டர், ஓவிட், ராமுலஸ் என்று நீங்கள் காரில் கடந்துபோன ஊர்கள் எல்லாம் அப்படி அளந்தபோது பெயர் வாங்கியவை.

இத்தகாவில் உள்ள நண்பர் ஒருவர் என்னைக் கையூகா ஏரியின் கிழக்குக் கரைச் சாலையில் அழைத்துப்போனார். சாலையோரம் வெண்கலப் பலகை பதித்த ஒரு பாறை நின்றது. 1929-ல், படையெடுப்பின் 150-ஆம் ஆண்டில், மாநில அரசு வழிநெடுக நட்டவற்றில் ஒன்று. எல்லைப்புறத் தாக்குதல்களைத் தடுத்து அமெரிக்காவின் ஆட்சியை மேற்கே விரித்த படையெடுப்பு என்று அதில் பெருமையாகப் பொறித்திருக்கிறது. எரிந்த வீடுகளைப் பற்றியோ தோப்புகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நண்பர் பல வருடமாக அந்தப் பாறையைக் கடந்து வேலைக்குப் போகிறவர். இறங்கிப் படித்தது அன்றுதான். அன்று அவர்மேல் வந்த அதே கோபம் இப்போது உங்கள்மேல் வருகிறது.

கோயில் இல்லை, ஆகவே வரலாறு இல்லை என்கிறீர்கள். சங்க காலத்து வீடு ஒன்று இன்று எங்காவது நிற்கிறதா, காட்டுங்கள். கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து செங்கல் சுவர்கள் வெளியே வந்தது நேற்று. அதற்கு முன்னால் அந்த மனிதர்களை நாம் பாட்டில்தான் வைத்திருந்தோம். மரத்திலும் பட்டையிலும் வாழ்ந்தவர்களுக்குக் கல் சாட்சி சொல்லாது, அவர்கள் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆர். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். கனன்டைகுவாவில் 1794 நவம்பர் 11 அன்று ஆறு இனங்களும் அமெரிக்க அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அரசு வருடாவருடம் துணி கொடுக்க வேண்டும். இன்றும் கொடுக்கிறது. வாங்கிக்கொள்ளும் துணி கொஞ்சம்தான், ஆனால் அது வருகிறவரை ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்று அவர்கள் விடாமல் வாங்குகிறார்கள். ஒவ்வொரு நவம்பர் 11-ம் அங்கே கூடி நினைவுகூர்கிறார்கள். விக்டரில் கனோண்டகன் இருக்கிறது, 1687-ல் பிரெஞ்சுப் படையெடுப்பில் அழிந்த செனிக்காக்களின் பெரிய ஊர். அங்கே ஒரு நீண்ட வீட்டை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ரோச்செஸ்டரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஒன்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எரிந்த அந்த வயல்களும் வீடுகளும் பெண்களுடையவை. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் தகுதியில்லாதவரை இறக்குவதும் குலத்தாய்மாரின் உரிமை. செனிக்கா, கையூகா ஏரிகளின் வடமுனைகளுக்கு இடையே செனிக்கா ஃபால்ஸில் 1848-ல் பெண்ணுரிமை மாநாடு கூடி, 68 பெண்களும் 32 ஆண்களும் வாக்குரிமை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத ஆசை, இங்கே இடமில்லை.

கட்டுரை எழுதுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பது ஒயினரிகளை வரிசையாக எழுதாதீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள். பையன்களையும் மாமியாரையும் முதலில் கனோண்டகனுக்கு அழைத்துப்போங்கள். செப்டம்பர் கடைசியில் திராட்சை வெட்டும்போது நீங்கள் இருவரும் மறுபடி ஏரிக்குப் போங்கள். ஒரே கரையில் தங்குங்கள், முன்பதிவு எதுவும் வேண்டாம். எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதை மனைவியிடம் விட்டுவிடுங்கள். அந்தக் காலை பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் செய்யுங்கள், கடிதத்தில் என்னிடம் சொன்னது போதாது. அவருக்கு எழுத விருப்பம் இருந்தால் அவரே எழுதட்டும். வந்தால் உங்கள் கட்டுரைக்கு முன்னால் அதைத்தான் படிப்பேன்.

அன்புடன்.