கைகோத்து நடக்க ஒரு நாள்: ஃபிளாரன்ஸிலிருந்து எந்த ஊருக்குப் போகலாம்?

கேள்வி: எங்கள் 25-ஆம் திருமண நாளையொட்டி நானும் என் மனைவியும் செப்டம்பரில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் சில நாட்கள் தங்கப்போகிறோம். அதில் ஒரு நாளை, அருங்காட்சியக வரிசைகளில் நிற்காமல், ஏதேனும் ஒரு பழைய ஊரில் இருவரும் நிதானமாக நடந்து கழிக்க ஆசைப்படுகிறோம். மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் செங்குத்தான தெருக்கள் ஒத்துவராது. இருவரும் சைவம். சியேனா, சான் ஜிமிஞானோ என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எங்கே போவது, அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஊர்களும் அழகில் குறைந்தவை அல்ல, ஆனால் இரண்டுமே குன்றின் மேல் எழுந்தவை. சியேனாவில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏற்றமோ இறக்கமோ இருந்தே தீரும், இறக்கம் ஏற்றத்தைவிட முழங்காலை அதிகம் நோகச் செய்யும். உங்கள் இருவருக்கும் நான் பரிந்துரைப்பது லூக்கா. ஃபிளாரன்ஸுக்கு மேற்கே, செர்க்கியோ நதிக்கரைச் சமவெளியில் அமைந்த ஊர் என்பதால் தரை முழுவதும் சமதளம். ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். மதில் சூழ்ந்த பழைய ஊருக்குள் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இருவர் பக்கம் பக்கமாக, பேச்சு அறுபடாமல் நடக்க முடியும்.

லூக்காவைத் தனித்து நிறுத்துவது அதன் மதில். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முடித்த இந்த மதில், இன்றும் எங்கும் அறுபடாமல் ஊரை முழுவதுமாகச் சுற்றி நிற்கிறது. சுற்றளவு நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். எந்தப் படையும் இதை முற்றுகையிட்டுப் பார்த்ததில்லை, ஆனால் 1812-இல் செர்க்கியோ கரைபுரண்டபோது வாயில்களை அடைத்து, வெள்ளம் ஊருக்குள் புகாமல் காத்தது இந்த மதில்தான். 19-ஆம் நூற்றாண்டில் அதன் மேற்பரப்பை மரங்கள் நிறைந்த உலாச்சாலையாக மாற்றினார்கள். அகலமான பாதை, இருமருங்கும் நிழல், ஆங்காங்கே உட்கார இருக்கைகள். படிகளைத் தவிர்க்க விரும்புவோர் ஏறி இறங்கச் சாய்தளங்கள் பல இடங்களில் உண்டு. ஆகவே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். மதிலையே நாளின் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, விரும்பிய இடத்தில் இறங்கி, களைத்தால் மீண்டும் மேலே வந்து உட்காருங்கள். லூக்காவை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாளுக்கு உள்ளே சென்று பார்க்கும் இடங்கள் மூன்று போதும்.

காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில் இறங்கும்படி வாருங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே புல்வெளியைக் கடந்தால் சான் கொலம்பானோ கொத்தளத்தின் அடியில் ஊருக்குள் செல்லும் நடைபாதை இருக்கிறது. அதன் வழியே நுழைந்தால் சில நிமிடங்களில் சான் மார்த்தீனோ பேராலயத்தின் அருகே வந்துவிடுவீர்கள். அதன் முகப்பில் உள்ள மூன்று வளைவுகளில் வலப்பக்கத்து வளைவு மட்டும் ஒடுங்கியிருக்கும். மணிக்கூண்டு முன்பே அங்கு நின்றிருந்ததால், முகப்பைக் கட்டியவர்கள் அதற்கு இடம்விட்டுக் கட்ட வேண்டியிருந்தது. அந்த வலப்பக்கத் தூணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு முழ அகலத்தில் வட்டமான புதிர்ப்பாதை ஒன்று கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் கிரேக்கப் புராணக் கதை ஒன்றைச் சுருக்கித் தரும் இலத்தீன் வரிகள், கிரீட் தீவின் டெடாலஸ் அமைத்த புதிர்ப்பாதை இது என்றும், உள்ளே போன எவரும் வெளியேற முடியாத அதிலிருந்து அரியாட்னி தந்த நூலின் துணையால் தீசியஸ் மட்டுமே மீண்டான் என்றும் சொல்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் விரல்கள் தடவித் தடவி அதன் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்பார்கள். பலர் இதைக் கவனிக்காமலே உள்ளே போய்விடுகிறார்கள்.

பேராலயத்தின் உள்ளே நீங்கள் நிதானமாக நேரம் செலவிட வேண்டியது இலாரியா டெல் கர்ரெத்தோவின் பளிங்குக் கல்லறையின் முன். 1400 முதல் 1430 வரை லூக்காவை ஆண்ட பாவோலோ குவினீஜியை 1403-இல் மணந்த இலாரியா, இரண்டாவது பிரசவத்தை ஒட்டி 1405-இல் இளவயதிலேயே இறந்துபோனார். கணவர் சியேனாவைச் சேர்ந்த சிற்பி யாகோப்போ டெல்லா குவெர்ச்சாவை அழைத்து இக்கல்லறையைச் செய்வித்தார். கழுத்தை உயர்ந்து சூழ்ந்த காலர், தலையைச் சுற்றிய தலையணி, இமை மூடிய முகம், நேராகப் பாதம் வரை விழும் ஆடை மடிப்புகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். காலடியில் ஒரு சிறு நாய் தலையை உயர்த்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இல்லற நம்பிக்கையின் அடையாளம் அது. பக்கவாட்டில் குழந்தைகள் கனத்த மலர்மாலைகளைச் சுமந்து நிற்கிறார்கள். பாவோலோ ஆட்சியிழந்தபோது இக்கல்லறையும் கலைக்கப்பட்டது. இன்று நாம் காண்பது பிற்காலத்தில் மீண்டும் ஒன்றுசேர்த்த வடிவம். இதைப் பார்க்கக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும், தயங்காமல் வாங்குங்கள். திருமண நாளுக்காக வரும் இருவருக்கு லூக்காவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

அதே குவினீஜி குடும்பத்தின் கோபுரம் வடக்கே பத்து நிமிட நடையில் இருக்கிறது. ஏறக்குறைய 45 மீட்டர் உயரமுள்ள செங்கல் கோபுரத்தின் உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்து நிற்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மேலே போக 230 படிகளுக்குக் குறையாமல் ஏற வேண்டும், கடைசிப் பகுதி குறுகலானது, மின்தூக்கி கிடையாது. உங்கள் மனைவியின் முழங்காலுக்கு இது வேண்டாம். ஒருவர் கீழே காத்திருக்க மற்றவர் மட்டும் ஏறிவருவதையும் நான் விரும்பமாட்டேன். அன்றைய நாள் இருவரும் சேர்ந்து கழிக்க வேண்டிய நாள். அருகிலுள்ள தெருக்களிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே அந்த மரங்கள் நன்றாகத் தெரியும்.

மதிய உணவை அன்றைய முக்கிய உணவாக வைத்துக்கொள்ளுங்கள். உணவகங்கள் பொதுவாகப் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரை வாக்கில் சமையலறையை மூடிவிடும், இரவுக்கு ஏழரைக்கு மேல்தான் மறுபடி திறக்கும். ஃபிளாரன்ஸுக்குத் திரும்ப வேண்டிய உங்களுக்கு இரவு உணவை நம்பியிருப்பது சரிவராது. சைவத்தைப் பொறுத்தவரை சில எச்சரிக்கைகள் அவசியம். தோர்தெல்லி எனப்படும் உள்ளூர்ப் பாஸ்தாவின் பூரணமும் இறைச்சி, மேலே ஊற்றும் சாறும் இறைச்சி; அதைத் தவிர்த்துவிடுங்கள். இந்த வட்டாரத்தின் ஃபார்ரோ என்ற பழங்காலக் கோதுமையில் அவரை வகைகள் சேர்த்துச் செய்யும் சூப் மிக நல்லது, ஆனால் சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். ‘சென்சா கார்னே, சென்சா பெஷே’, அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல், என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதால், அதையும் விலக்குபவர்களாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கவலையே இல்லாமல் சாப்பிடக்கூடியது செச்சீனா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கரைத்து, அகலமான தட்டில் மெல்லிதாக ஊற்றி அடுப்பில் சுட்டெடுப்பது இது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும், மிளகுப்பொடி தூவிச் சுடச்சுடத் தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

உணவுக்குப் பிறகு, கடைத்தெருவான வியா ஃபில்லுங்கோ வழியே வடக்கு நோக்கி நடந்து, வீடுகளுக்கு இடையே உள்ள வளைவு வாயிலில் நுழைந்தால் முட்டை வடிவச் சதுக்கம் ஒன்று திறக்கும். ரோமானியர் காலத்து அரங்கத்தின் இருக்கை வரிசைகள் இருந்த இடத்தில் பிற்காலத்தார் வீடு கட்டிக்கொண்டதால் அந்த வடிவம் அப்படியே நிலைத்துவிட்டது. 1830-களில் கட்டடக் கலைஞர் லொரென்ஸோ நொத்தோலீனி உள்ளே அடைத்திருந்த கட்டடங்களை அகற்றித் திறந்தவெளியாக்கினார். இங்குள்ள காப்பிக் கடைகளில் மேசையில் அமர்ந்தால் விலை கூடும் என்றாலும், அரை மணி நேரம் உட்கார்ந்து எழுவதற்கு அந்தப் பணம் தகும்.

அருகிலேயே சான் ஃப்ரெதியானோ ஆலயம். முகப்பின் மேற்பகுதியில் கிறிஸ்து விண்ணேறும் காட்சி பொன்னிற மொசைக்கில் இருக்கிறது. வீட்டு வேலை செய்வோரின் பாதுகாவலராகக் கருதப்படும் 13-ஆம் நூற்றாண்டுப் பெண்மணி புனித சீதாவின் உடல் உள்ளே வைக்கப்பட்டுள்ளது. ஏழைகளுக்குக் கொடுக்க மேலாடையில் மறைத்து எடுத்துச் சென்ற ரொட்டி, எசமானர் சோதித்தபோது மலர்களாக மாறியதாக அவரைப் பற்றிக் கதை உண்டு.

ஆலயத்தின் பின்புறம் மதில் மேல் ஏறி, இடப்பக்கம் திரும்பி மேற்கு நோக்கி நடங்கள். சற்று தூரத்திலேயே பலாஸ்ஸோ ஃபானர் என்ற மாளிகையின் தோட்டம் காலடியில் விரியும்: கற்சிலைகள் வரிசையாக நிற்கும் நடைபாதை, எலுமிச்சைத் தொட்டிகள், நடுவில் நீர்க்குளம். கீழே இறங்கிக் கட்டணம் கொடுத்தும் பார்க்கலாம், ஆனால் மதிலிலிருந்து கிடைக்கும் காட்சியே முழுமையானது என்பேன். வடக்கே வானம் தெளிவாக இருந்தால் அபுவான் மலைகள் தெரியும். இப்படியே மேற்குப் பக்கத்தைச் சுற்றிச் சான் பாவொலீனோ கொத்தளம் வரை வந்து இறங்கினால், அங்கிருந்து நேர் தெரு உங்களைச் சித்தாதெல்லா சதுக்கத்தில் கொண்டுசேர்க்கும். இசை மேதை ஜாக்கோமோ பூச்சீனி 1858-இல் பிறந்த வீடு இங்கேதான். சதுக்கத்தில் அவர் கையில் சிகரெட்டோடு கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையும் உண்டு. வீடு இன்று அருங்காட்சியகம். 1924-இல் அவர் முடிக்காமலே விட்டுச்சென்ற ‘தூரந்தோத்’ இசை நாடகத்தை உருவாக்கப் பயன்படுத்திய பியானோ அங்கே இருக்கிறது. இசையில் நாட்டம் இருந்தால் உங்கள் மூன்றாவது இடமாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பக்கத்துச் சதுக்கத்தில் உள்ள சான் மிக்கேலே ஆலயத்தின் முகப்பு, அதன் பின்னால் உள்ள கூரையைவிட வெகுவாக உயர்ந்து நிற்கும். கூரையை உயர்த்தும் திட்டம் பணமில்லாமல் நின்றுபோனதே காரணம் என்பர். முகப்பின் சிறு தூண்களில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஆலயத்தின் படிகளில் அமர்ந்து, எந்த இரண்டு தூண்கள் ஒத்திருக்கின்றன என்று இருவரும் தேடிப் பாருங்கள். உலர்திராட்சையும் சோம்பும் சேர்த்த புச்செல்லாத்தோ என்ற இனிப்பு ரொட்டியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதைச் சாப்பிடாதவர் லூக்காவுக்கு வந்தும் வராதவரே என்பது ஊர்ச்சொல். முட்டை சேர்வதுண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள்.

செப்டம்பர் பிற்பகுதியில் மாலை ஏழு மணியளவில் சூரியன் மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஊரின் தென்கிழக்கு மூலையில் தாவரவியல் பூங்காவை ஒட்டிய மதில் பகுதிக்கு வந்துவிடுங்கள். 1820-இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவின் பெரிய லெபனான் கேதுரு மரத்தை மதிலிலிருந்தே காணலாம். இளமை நிலைக்கச் சாத்தானுக்குத் தன் ஆன்மாவை விற்றதாகச் சொல்லப்படும் லூச்சிதா மான்சி என்ற சீமாட்டியின் கதை இங்குள்ள குளத்தோடு சேர்ந்தது. கெடு முடியும் இரவில் மணிக்கூண்டின் மணியை நிறுத்த ஓடித் தோற்றாள் என்றும், நெருப்பு வண்டியில் மதிலைச் சுற்றிவந்து இக்குளத்தில் மூழ்கினாள் என்றும் ஊரார் சொல்வார்கள். இங்கிருந்து ரயில் நிலையம் பத்து, பதினைந்து நிமிட நடைதான், ஆகவே மாலை நேரத்தை இங்கே வைத்துக்கொண்டால் கடைசியில் அவசரம் இராது. மதிலின் ஓரங்களில் தடுப்புச் சுவர் தாழ்ந்தோ இல்லாமலோ இருக்கும் இடங்கள் உண்டு. இருட்டிய பிறகு பாதையின் நடுவிலேயே நடங்கள்.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் 13-ஐ எண்ணிப் பாருங்கள். அன்றிரவு நடக்கும் லுமினாரா விழாவில், பேராலயத்தில் உள்ள பழமையான மரச்சிலுவையின் நினைவாக, ஊர்வலம் செல்லும் தெருக்களின் கட்டட விளிம்புகள் முழுவதும் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகு விளக்கேற்றுகிறார்கள். ஆனால் அன்று கூட்டம் நெருக்கும், ஊர்வலம் இருட்டிய பிறகே நகரும்; லூக்காவிலேயே ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் அத்தேதியைத் தேர்ந்தெடுங்கள். அமைதியான நடைதான் வேண்டுமென்றால் 20-ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஒரு வாரநாள் சிறந்தது. மாதத்தின் மூன்றாம் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும், அதில் ஆர்வமிருந்தால் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், மெல்லிய துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் போதும். தெருக்களில் கல் பாவியிருப்பதால் தடித்த அடிப்பாகமுள்ள, பழகிய காலணியையே அணியச் சொல்லுங்கள். ஊருக்குள் குடிநீர் ஊற்றுகள் இருப்பதால் காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வட்டார ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, ஆனால் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை பதித்துக்கொள்ளத் தவறாதீர்கள். மறந்தால் அபராதம் விதிப்பார்கள். திரும்பும் ரயில்களின் நேரத்தைக் காலையில் இறங்கியவுடனேயே குறித்துக்கொள்வது நல்லது. வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு நாளுக்காவது கைவிடுங்கள்: மதிலுக்குள் பெரும்பகுதி அனுமதியற்ற வாகனங்கள் நுழையக் கூடாத பகுதி, கேமரா படமெடுத்துவிடும், அபராதச் சீட்டு நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வீட்டு முகவரிக்கே வந்து சேரும்.