நேரத் துடிப்பில் இரைச்சல்: கேபிளை மாற்றினால் போதுமா?

கேள்வி: ஜிபிஎஸ் கடிகாரத்திலிருந்து விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பை 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் (கம்பிப் பின்னல் கவசம் கொண்ட கோஆக்சியல் கேபிள்) வழியாக, நேரத்தை அளக்கும் கவுண்டருக்குக் கொண்டு செல்கிறேன். அருகிலுள்ள ஸ்விட்சிங் பவர் சப்ளை இயங்கும்போது அளவீடு தடுமாறுகிறது. இரட்டைக் கவசம் உள்ள கேபிள் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இரைச்சல் எந்த வழியாக நுழைகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். கேபிளை இருக்கும் இடத்திலேயே விட்டு, கடிகாரத்தின் பக்கம் மட்டும் கழற்றி, அந்த முனையில் 50 ஓம் டெர்மினேட்டரைப் (கேபிளை முடிக்கும் மின்தடை) பொருத்தி, கவுண்டர் பக்கம் மின்னலை வடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். இரைச்சல் அப்படியே நீடித்தால் பெரும்பாலும் கவசத்தின் வழியே கசிகிறது. மறைந்துவிட்டால், இரு கருவிகளின் எர்த் இணைப்புகளும் கேபிளும் சேர்ந்து உருவாக்கும் மூடிய மின்பாதையான கிரவுண்ட் லூப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லூப்பில் ஓடும் மின்னோட்டம் கவசத்தின் மீதே பாய்வதால், குறைந்த அதிர்வெண்ணில் எவ்வளவு விலையுயர்ந்த கேபிளும் அதை முழுமையாகத் தடுக்காது. இரு கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

கசிவுதான் காரணம் என்றால், வெள்ளி பூசிய இரண்டு பின்னல்கள் கொண்ட ஆர்ஜி-223 என் முதல் தேர்வு. ஒற்றைப் பின்னலில் உள்ள சிறு இடைவெளிகள் வழியே காந்தப்புலம் உள்ளே புகுகிறது. அடர்த்தி குறைந்த மலிவான பின்னலில் இது இன்னும் மோசம். மெல்லிய உலோகத் தகடும் பின்னலும் சேர்ந்த கேபிளும் நல்லதே, ஆனால் அடிக்கடி வளைத்தால் தகடு விரிசல் விடும். கேபிள் முனையில் தளர்ந்த பிஎன்சி இணைப்பு (சுழற்றிப் பூட்டும் இணைப்பான்) ஒன்றே இந்தப் பயன்கள் அனைத்தையும் கெடுத்துவிடும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

துடிப்பின் விளிம்பையும் கவனியுங்கள். இரைச்சல் மின்னழுத்தத்தை விளிம்பின் ஏறுவேகத்தால் வகுத்தால் நேரத் தடுமாற்றம் கிடைக்கும்: 2 வோல்ட் விளிம்பு 5 நானோவிநாடியில் ஏறினால், 20 மில்லிவோல்ட் இரைச்சல் 50 பிகோவிநாடிப் பிழையையே தரும், அதே விளிம்பு 100 நானோவிநாடி எடுத்துக்கொண்டால் பிழை 1 நானோவிநாடியாகிவிடும். ஆகவே ஏறுமுகத்தின் நடுப்பகுதியில் டிரிகர் அளவை (கவுண்டர் துடிப்பைப் பதிவுசெய்யும் மின்னழுத்தம்) வைத்து, கவுண்டர் உள்ளீட்டை 50 ஓம் மின்தடையில் முடியுங்கள்.

ஆர்ஜி-58, ஆர்ஜி-223 இரண்டிலும் தாமதம் மீட்டருக்குச் சுமார் 5 நானோவிநாடி என்பதால், அதே நீளத்தில் மாற்றினால் கேபிள் தாமதத்துக்காகக் கடிகாரத்தில் பதியும் திருத்தம் பெரிதாக மாறாது. நுரை மின்காப்புள்ள கேபிளுக்கு மாறினால் அது மீட்டருக்கு ஏறத்தாழ 4 நானோவிநாடியாகக் குறையும். அப்போது தாமதத்தை மீண்டும் அளந்து கடிகாரத்தில் பதிய வேண்டும்.