நான்ஸ்டிக் தவாவில் ராகி தோசை நடுவில் மட்டும் ஒட்டினால்

தவாவை இப்போதே தூக்கிப் போடாதீங்க. பூச்சு உரியவில்லை, ராகி தோசை நடுவில் மட்டும் ஒட்டுகிறது என்று கிருஷ்ணகிரியிலிருந்து எழுதியிருக்கீங்க. அப்படியானால் பெரும்பாலும் பூச்சின் மேல் கருகிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். தீ படுவது நடுவில் என்பதால் அங்கே முதலில் படியும்.

ஆறிய தவாவில் விரலை ஓட்டிப் பாருங்க. பழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய். வெள்ளையாகச் சொரசொரத்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு. கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

1. எண்ணெய்க்கு: அரை அங்குலம் தண்ணீர், 2 ஸ்பூன் ஆப்ப சோடா. சிறு தீயில் 10 நிமிடம். ஆறியதும் மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்க்கணும். இரவு முழுக்க ஊறவிட வேண்டாம், சோடா அலுமினியத்தை அரிக்கும்.

2. உப்புக்கு: ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறினால் போதும். சோடாவையும் வினிகரையும் கலக்காதீங்க, ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

கழுவித் துடைத்து, சில சொட்டு எண்ணெய் தடவி மிதமான தீயில் தோசை ஊற்றுங்க. உளுந்து சேராத ராகி மாவு நல்ல தவாவிலும் கொஞ்சம் பிடிக்கும். அதைத் தவாவின் குறையாக எடுத்துக்க வேண்டாம்.

சூடான தவாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் அடி வளைந்திருக்கலாம், எண்ணெய் ஓரத்துக்கு ஓடி நடுவில் ஒட்டும். அதைச் சரிசெய்ய முடியாது. பூச்சு செதில் செதிலாக உரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.