மச்சானுக்கு மூன்று கேன் பீர், கார்டுக்குக் குறைந்தபட்சத் தவணை

கேள்வி: எனக்கு 43 வயது. தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, சம்பளம் பிடித்தம் போகுமுன் 26,000 ராண்ட். 2020 ஊரடங்கில் மது விற்பனையை நிறுத்தியபோது அன்னாசிப்பழ பீர் போட ஆரம்பித்தேன். இப்போது சிறிய ப்ரூவரி (பீர் ஆலை) ஒன்றில் ரெடிமேட் வோர்ட் (ஈஸ்ட் சேர்த்தால் பீராகும் மால்ட் சாறு) கேன் வாங்கி, மாதம் மூன்று கேன் போடுகிறேன். கடையில் 32 ராண்ட் விற்கும் கிராஃப்ட் பீர் எனக்கு 16 ராண்டுக்கு முடிகிறது. மாதம் 2,600 ராண்ட் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கி டிசம்பரில் 3,000 இருந்தது, இப்போது 15,000. கோடையில் இரண்டு கேன் கெட்டுப்போனதால் குளிர்ப்பெட்டி, ஸ்டீல் தொட்டி, கெக் (பீர் பீப்பாய்) எல்லாம் வாங்க 38,000 ராண்ட் பர்சனல் லோன் எடுக்கலாமா? தவணை கட்ட முடியும். மச்சான் விற்கச் சொல்கிறார். செப்டம்பரில் கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு 200 பாட்டில் கேட்டிருக்கிறார்கள். டூ-பாட் சேமிப்பிலும் (ஓய்வூதிய நிதியில் இடையில் எடுக்கக்கூடிய பங்கு) 20,000 இருக்கிறது.

பதில்: கார்டை மாதாமாதம் முழுவதும் கட்ட வேண்டும், பட்ஜெட் எழுத வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வோர்ட் கேனுக்குப் பைசா பிசகாமல் கணக்கு வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கு சரி. எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதுதான் தப்பு.

நீங்கள் எழுதி அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் கேன் 650, ஈஸ்ட் 90, டெலிவரி 120, கிருமிநாசினி, சர்க்கரை 40. ஆக 900 ராண்ட். தண்ணீர் சேர்த்து 20 லிட்டர் ஆக்கினால், அடியில் படியும் ஈஸ்ட் மண்டி போகப் பதினெட்டரை லிட்டர் தேறும். 330 மில்லியில் 55 பாட்டில் சொச்சம். பாட்டில் 16 ராண்ட், உண்மைதான். லிட்டருக்கு 49 ராண்ட். நீங்கள் முன்பு குடித்தது என்ன? கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மாதம் எட்டு குவார்ட் பாட்டில், ஒன்று 27 ராண்ட். முக்கால் லிட்டர் 27 என்றால் லிட்டர் 36. மாதச் செலவு 216 ராண்ட். அது இன்று 2,700 ஆகியிருக்கிறது. இதில் மிச்சம் எங்கே வந்தது?

வோர்ட் கேன் மோசமான பொருள் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது வெகு காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. ப்ரூவரியிலேயே மால்ட்டை (முளைகட்டிய பார்லி) ஊறவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, சூட்டோடு கேனில் அடைத்து மூடிவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது தண்ணீரும் ஈஸ்டும் சேர்ப்பதுதான். கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்குவது மாதிரி. நேரம் மிச்சம், அந்த நேரத்துக்கு விலை உண்டு. பதினாறு கிலோ திரவத்தை வண்டியில் ஏற்றிவரும் கூலியும் அதற்குள்தான். நாலைந்து கிலோ மால்ட் வாங்கி நீங்களே காய்ச்சினால் மலிவாக முடியும், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். உங்களுக்கு ஞாயிறு வேண்டும் என்றால் கேனே வாங்குங்கள். அதில் தகராறு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கேனுக்கு 165 பாட்டில். உங்கள் பங்கு மாதம் இருபது என்கிறீர்கள். மீதி 145 பாட்டில், 2,300 ராண்டுக்கு மேல், சனிக்கிழமை பிராய்க்கு (இறைச்சி சுடும் விருந்து) வரும் மச்சானின் ஐஸ்பெட்டியிலும் அவருடைய நண்பர்களின் கார் டிக்கியிலும் போகிறது. கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி வேறு ஒன்று: போன புரட்டாசியில் வீட்டில் இறைச்சி கிடையாது, நீங்கள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, ஆனால் 'தீபாவளிக்கு ஸ்டாக் வேண்டும் என்று மச்சான் சொன்னதால்' இரண்டு கேன் போட்டிருக்கிறீர்கள். விரதம் இருந்துகொண்டே அடுத்தவர் தாகத்துக்கு உழைத்திருக்கிறீர்கள். உங்கள் கடன் பீரால் வந்தது இல்லை, கேட்டவுடன் தலையாட்டுவதால் வந்தது.

அதுவும் கார்டில். மாதம் 2,700 ஏறுகிறது, குறைந்தபட்சத் தவணையாக ஐந்து சதவீதம் இறங்குகிறது, நடுவில் வட்டி. ஐந்து மாதத்தில் 3,000 எப்படி 15,000 ஆனது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 20.5 சதவீத வட்டியில் இன்றைய பாக்கிக்கு மாதம் 256 ராண்ட் வட்டி மட்டுமே போகிறது. நீங்கள் முன்பு குடித்த எட்டு குவார்ட்டின் விலையைவிட அது அதிகம்.

லோன் வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த லோன் கொட்டேஷனைப் பார்த்தேன்: 24.5 சதவீதம், 48 மாதம். தவணை சுமார் 1,250, சர்வீஸ் கட்டணம் 69, கடன் காப்பீடு 170 அளவில். மாதம் 1,490. நான்கு வருடத்தில் 71,500 ராண்ட். 38,000 ராண்ட் சாமானுக்கு! கார்டு பாக்கி அப்படியே இருக்கும், அது தனி.

அந்தச் சாமானில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் சாமான் பட்டியலில் வைஃபை வைத்த ப்ரூயிங் மெஷின் ஒன்றும் இருக்கிறது, 'வட்டியில்லா நான்கு தவணை' என்று ஒரு ஆப் ஆசை காட்டியதாம். அது மால்ட்டைக் காய்ச்சும் மெஷின். கேனில் வருவது ஏற்கெனவே காய்ச்சியது. பாக்கெட் மாவு வாங்குகிறவருக்குக் கிரைண்டர் எதற்கு? இந்த ஆப்காரர்கள் தவணையைச் சின்னதாகக் காட்டுவதில் கெட்டிக்காரர்கள், தேவையா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

குளிர்ப்பெட்டி விஷயம் நியாயமானது. ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயிலில் கராஜ் முப்பது டிகிரியைத் தொடும். ஏல் என்ற பீர் வகைக்குப் போடும் சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வரை போதும். மேலே போனால் நெயில் பாலிஷ் வாடை அடிக்கும், உங்கள் இரண்டு கேனுக்கு நடந்தது அதுதான். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதே கராஜ் சும்மாவே குளிர்ந்து கிடக்கிறது. கோடையில் போட்டே ஆக வேண்டும் என்றால் வோஸ் குவைக் என்ற நார்வே நாட்டு ஈஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். முப்பத்தைந்து டிகிரியிலும் அது நன்றாக வேலை செய்யும். 38,000 ராண்ட் பிரச்சினைக்கு ஒரு ஈஸ்ட் பாக்கெட்டில் தீர்வு இருக்கிறது.

டூ-பாட் பணத்தையும் தொடாதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு மேல் வரும் தொகைக்கு 26 சதவீத வரி. 20,000 எடுத்தால் 5,200 வரித்துறையான சார்ஸுக்குப் போய்விடும், நிர்வாகக் கட்டணம் வேறு. மீதியைக் கார்டில் கட்டினாலும் மச்சான் அடுத்த சனிக்கிழமையும் வருவார், கார்டு மறுபடி நிரம்பும்.

விற்கும் யோசனைக்கு ஒரே வரி: லைசென்ஸ் இல்லாமல் மது விற்பது குற்றம், சொந்தக்காரரிடம் பாட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்கினாலும் அது விற்பனைதான். லைசென்ஸ் வாங்கி, சார்ஸில் கலால் வரிக்குப் பதிந்து நடத்தினால் அது தொழில். அதை யோசனை சொன்ன மச்சானே முதல் போட்டு நடத்தட்டும்.

சரி, என்ன செய்வது? இன்றே கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கேன் வாங்குவதை நிறுத்தினால் மாதம் 2,700 கையில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வங்கியின் பணம், உங்கள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் லோன் தவணை 1,490 கட்ட முடியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பணம் நிஜம். அதையும் இப்போது கட்டும் குறைந்தபட்சத் தவணை 750ஐயும் சேர்த்தால் 2,240. அதைக் கார்டில் கட்டுங்கள். எட்டாவது மாதம் பாக்கி தீரும், வட்டி மொத்தம் ஆயிரம் ராண்ட் சொச்சம்தான் போகும். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒரு கேன், ரொக்கத்தில்.

மச்சானிடம் சுற்றி வளைக்காதீர்கள். 'மச்சான், கார்டுல பதினஞ்சாயிரம் நிக்குது, இனிமே என்னால முடியாது' என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். தொகை காதில் விழுந்தால் பெரும்பாலோர் அப்புறம் கேட்பதில்லை. வேண்டுமானால் பழைய பிளாஸ்டிக் தொட்டியை இரவல் கொடுங்கள், அவர் வீட்டில் அவரே கேன் வாங்கிப் போடட்டும். உங்கள் மனைவி தன் அண்ணனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவைத்தால் இன்னும் நல்லது.

கல்யாணத்துக்கு 200 பாட்டில் என்றால் நான்கு கேன், 3,600 ராண்ட். ஒரு கேன் கொடுங்கள், அதுவே நல்ல சீர். ஜூலை கடைசி வாரம் ஈஸ்ட் போட்டால் இரண்டு வாரம் நொதிக்கவும், அப்புறம் பாட்டிலில் கேஸ் ஏற இரண்டு வாரமும் தாராளமாகக் கிடைக்கும். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி காட்டும் கருவி) இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே, அதாவது நொதித்து முடிந்த பிறகே, பாட்டிலில் அடையுங்கள், கல்யாண வீட்டில் பாட்டில் வெடித்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.