கடைக்குப் போகுமுன்: கம்ப்ரஸர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்ரஸர் பற்றியவை. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கிச் சீராக்கும் கருவி அது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: வீட்டில் பேசிப் பதிவு செய்கிறேன். ஃபேன் சத்தத்தைக் குறைக்கக் கம்ப்ரஸர் வாங்கினேன். சத்தம் இன்னும் கூடிவிட்டதே? (திருச்சி வாசகர்)

கூடத்தான் செய்யும். கம்ப்ரஸர் உரத்த இடங்களை அமுக்குகிறது. அப்புறம், அமுங்கியதை ஈடுகட்டும் மேக்அப் கெய்ன் மொத்தத்தையும் தூக்கும்போது ஃபேனும் சேர்ந்து மேலே வரும். பதிவின்போது ஃபேனை நிறுத்துங்கள். வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கே: ரேஷியோ 4:1 என்றால் என்ன?

அமுக்கம் தொடங்கும் ஒலி அளவுதான் த்ரெஷோல்ட். அதை 8 டெசிபல் தாண்ட வேண்டிய ஒலி, 2 டெசிபல் மட்டுமே தாண்டும்.

கே: மிருதங்கப் பதிவில் கம்ப்ரஸர் போட்டால் அடி மழுங்குகிறது. விலை கூடியதாக வாங்கட்டுமா? (தஞ்சாவூர் வாசகர்)

வேண்டாம். இருப்பதிலேயே அட்டாக் குமிழைத் திருப்புங்கள். ஒலி த்ரெஷோல்டைத் தாண்டியதும் எவ்வளவு சீக்கிரம் அமுக்கம் பிடிக்க வேண்டும் என்பதுதான் அட்டாக். 1 மில்லி செகண்டில் வைத்தால், விரல் தோலில் படுகிற அந்த முதல் தட்டே அமுங்கிவிடும். 30 மில்லி செகண்டில் வைத்துக் கேளுங்கள். தட்டு தப்பித்து வந்துவிடும், பின்னால் வரும் கார்வைதான் அடங்கும். ரிலீஸ் என்பது அமுக்கம் விடுபடும் நேரம். அது நீண்டுவிட்டால் அடுத்த அடி பிறக்கும்போதே சிறுத்துப் பிறக்கும். அடுத்த அடி விழுவதற்குள், அமுக்கத்தைக் காட்டும் மீட்டர் முள் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து வையுங்கள்.

கே: 1176 என்ற பழைய கம்ப்ரஸர் மாடலைப் பார்த்துச் செய்த பெட்டி வாங்கினேன். த்ரெஷோல்ட் குமிழே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. 1967இல் அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் கொண்டுவந்த அசல் 1176இலும் அந்தக் குமிழ் கிடையாது. இன்புட்டை ஏற்ற ஏற்ற அமுக்கம் கூடும். அட்டாக், ரிலீஸ் எண்களும் நாம் நினைப்பதற்கு நேர்மாறு: 7 வேகம், 1 நிதானம். அதன் நிதானமான அட்டாக்கே 1 மில்லி செகண்டுக்குள்தான். தஞ்சாவூர்க்காரர் இதை வாங்கிவிட வேண்டாம்.

கே: கடையில் ஆன் செய்து காட்டினார்கள். குரல் பளிச்சென்று முன்னால் வந்தது. வாங்கலாமா? (சென்னை வாசகர்)

நானும் இப்படித்தான் 18,000 ரூபாய் கொடுத்தேன். கடைக்காரர் பட்டனைத் தட்டினார், பாட்டு எழுந்து நின்றது, பணத்தை எண்ணி வைத்துவிட்டேன். வீட்டில் அவுட்புட்டை இறக்கி, ஆனிலும் பைபாஸிலும் (ஒலி கம்ப்ரஸரில் படாமல் அப்படியே போகும் நிலை) ஒரே அளவு சத்தம் வரும்படி வைத்துக் கேட்டேன். வித்தியாசமே தெரியவில்லை. கடையில் நான் கேட்டது மேக்அப் கெய்னை மட்டும். போதாததற்கு அந்தப் பெட்டியில் அட்டாக்கும் ரிலீஸும் உள்ளேயே நிலையாக வைக்கப்பட்டவை. வெளியிலிருந்து தொட முடியாது.

ஒரே ஒலியைக் கொஞ்சம் உரக்கக் கேட்டால் காதுக்கு அதுவே நல்லதாகப் படும். 1 டெசிபல் கூடினாலே போதும். இது தெரிந்தும் கடைகளிலும் விளம்பர வீடியோக்களிலும் சத்தத்தைச் சமப்படுத்தாமல் காட்டுகிறார்கள். தராசில் கட்டை விரலை வைத்து நிறுப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "பைபாஸ் சத்தத்துக்குச் சமமாக அவுட்புட்டை இறக்குங்கள்" என்று சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பழகிப் பார்க்க மட்டும் என்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளிலேயே கம்ப்ரஸர் இருக்கிறது.

கே: கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டுப் பிழைக்கிறேன். கடன் வாங்கி இரண்டு சானல் கம்ப்ரஸர் எடுத்தேன். இரண்டாவது சானலில் மீட்டர் அசையவே இல்லை. "மைக் சத்தம் பத்தலை" என்று கடையில் திருப்பி அனுப்புகிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கும் செல்லாதாம். (விருதுநகர் வாசகர்)

உங்களிடம் சொன்னது தவறு ஐயா. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தன் உபயோகத்துக்கு வாங்கும் பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. நீங்கள் நுகர்வோர்தான்.

முதலில் சாட்சியைத் தயார் செய்யுங்கள். ஒரே மைக்கை முதல் சானலில் செருகி, த்ரெஷோல்டை அடிமட்டத்துக்கு இறக்கி, ரேஷியோவை முழுசாக ஏற்றிப் பேசுங்கள். முள் விழும். அதே மைக், அதே அளவுகள், இரண்டாவது சானல். முள் அசையாவிட்டால் பழுது பெட்டியில்தான். போனில் வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பில்லோடு சேர்த்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2 ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள். கடையில் என்ன சொன்னார்கள் என்று மறுபடி எழுதுங்கள்.