டிரெட்நாட் படத்தில் கம்பிகள் திட்டாவது பற்றி

1:1000 அளவில் டிரெட்நாட் போர்க்கப்பலை வரையும்போது கொடிமரக் கயிறுகளும் கைப்பிடிக் கம்பிகளும் கறுப்புத் திட்டாகிவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, பேனாவில் இருக்கிறது. 0.1 மி.மீ. கோடு அந்த அளவில் 10 செ.மீ. தடிமன், அசல் கைப்பிடிக் கம்பியோ விரல் பருமன்தான். அதை அடியோடு விட்டுவிடுங்கள். முக்கியமான கயிறுகளை மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில் இழுத்தால் போதும். பீரங்கிக் குழல்களையும் ஊதிப் பெருக்காதீர்கள். 12 அங்குலத் துளை தாளில் 0.3 மி.மீ.தான் வரும்.

இன்னொன்று, இது கம்பிகளைவிடப் பெரிய பிழை: உங்கள் படத்தில் முன் கொடிமரம் முதல் புகைபோக்கிக்கு முன்னால் நிற்கிறது. பின்னால் நிற்க வேண்டும். மேலே நின்று நோட்டமிட்டவர்களுக்குப் புகையும் வெக்கையும் கொடுமைதான், ஆனாலும் 1906-இல் அப்படித்தான் கட்டினார்கள்.