அந்தப் பத்து நாளும் தோட்டத்தில் யார் நின்றார்கள்?

கேள்வி: நாலு மாதம் முன்பு என் கணவரின் நண்பர் கனடா கிளம்பும்போது தன் நாயை எங்களிடம் விட்டுப் போனார். பெயர் ஜிம்மி, இரண்டு வயது லாப்ரடார். அவர்கள் இருந்தது ஒன்பதாவது மாடி. பால்கனியில் பேப்பர் போட்டுப் பழக்கியிருந்தார்கள். எங்களுக்குத் தனி வீடு. பின்பக்கம் தென்னை, கறிவேப்பிலை, கொஞ்சம் புல். காலையும் மாலையும் கதவைத் திறந்து விடுகிறோம். சுற்றிவிட்டு உள்ளே வந்து ஹால் மிதியடியில் ஒன்றுக்குப் போகிறது. திட்டினோம், மூக்கை அதில் வைத்துத் தேய்த்தும் பார்த்தோம். நானும் கணவரும் எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பினால் வர ஏழாகிவிடும். பையன் எஸ்.எஸ்.எல்.சி. மாமனாருக்கு 76 வயது. வீட்டில் எதிலும் பட்டுக்கொள்ள மாட்டார், பாதி நேரம் தோட்டத்தில்தான் நிற்பார். போன மாதம் திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் அவர் பத்து நாள் தங்கியபோது, தினமும் மூன்று நாலு தடவை வீட்டுக்குள்ளேயே. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை. மழைக்குப் பின்பக்கக் கடப்பாக் கல் வேறு பாசி பிடித்துக் கிடக்கிறது. வளர்ந்த நாயை இனிப் பழக்க முடியுமா, இல்லை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூர்

பதில்: கேள்விக்குப் பதிலை நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் பாசியைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். மாமனார் ஊரில் இல்லாத பத்து நாளும் தினம் மூன்று நாலு தடவை. அவர் திரும்பி வந்ததும் வாரத்துக்கு இரண்டு. இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

அவர் தோட்டத்தில் சும்மா நிற்கவில்லை அம்மா, நாயோடு நிற்கிறார். நீங்கள் கதவைத் திறந்து விட்டுவிட்டுக் குக்கர் வைக்கப் போகிறீர்கள். ஜிம்மி அணிலைத் துரத்தும், பக்கத்து வீட்டுச் சுவரை முகரும், அப்புறம் உங்களைத் தேடிக் கதவடியில் வந்து நிற்கும். வயிறு முட்ட அப்படியே உள்ளே வரும். இரண்டு வருஷம் வழவழப்பான தரையிலும் பேப்பரிலும் போன நாய்க்கு மிதியடிதான் கழிப்பறை மாதிரித் தெரியும். புல் என்றால் அதற்குப் புல், அவ்வளவுதான். யாராவது கூட நின்று சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருகிறவர் 76 வயதுக்காரர், அவரைத்தான் எதிலும் பட்டுக்கொள்ளாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை எட்டரையிலிருந்து ராத்திரி ஏழு வரை பத்தரை மணி நேரம். வளர்ந்த நாய் ஆறு, ஏழு மணி நேரம் அடக்கும், மிஞ்சிப்போனால் எட்டு. மீதி நேரக் கணக்கை இத்தனை நாளும் யார் சரிக்கட்டினார்கள் என்று நினைத்தீர்கள்?

மிச்சமிருக்கும் இரண்டு தடவை எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். மழை கொட்டுகிற சாயங்காலமாகத்தான் இருக்கும், இல்லை அவர் வெளியே போன நாளாக இருக்கும். முப்பது கிலோ நாயை வைத்துக்கொண்டு அந்த வயதில் பாசிக் கல்லில் யார் இறங்குவார்கள்? இறங்கவும் கூடாது.

இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவரோடு போய் நில்லுங்கள். எந்த மூலைக்குக் கூட்டிப்போகிறார், போகும்போது என்ன சொல் சொல்கிறார் என்று கேளுங்கள். ஏதோ ஒரு சொல் கட்டாயம் இருக்கும். அந்த மூலையையும் அந்தச் சொல்லையும் வீட்டில் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு இடம், ஆளுக்கு ஒரு பேச்சு என்றால் நாய் குழம்பும்.

கழுத்தில் வார் மாட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன். மூலைக்குப் போனதும் கம்பம் மாதிரி நில்லுங்கள், போன் பார்க்காமல். பத்து நிமிடத்தில் போனால், அந்த இடத்திலேயே, அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட். சமையலறைக்கு வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். முடித்த உடனே உள்ளே இழுக்காதீர்கள், கொஞ்சம் உலாவ விடுங்கள். ஒன்றுக்குப் போனால் சுற்றுவது முடிந்துவிடும் என்று தெரிந்த நாய் வேண்டுமென்றே அடக்கும். போகவில்லையா, வாரை அவிழ்க்காமல் உள்ளே கூட்டி வந்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கால் மணி கழித்து மறுபடி.

அது பேப்பருக்குப் பழகிய நாய் என்பது உங்களுக்கு வசதி. அடுத்த தடவை உள்ளே நனைத்தால் பேப்பரால் ஒற்றியெடுத்து, அதில் ஒரு துண்டை அந்த மூலையில் புல்மேல் வைத்துக் கல்லை வையுங்கள். நாளுக்கு நாள் துண்டைச் சின்னதாக்கி ஒரு நாள் எடுத்துவிடலாம். மிதியடிகளை ஒரு மாதம் சுருட்டி அலமாரி மேல் போடுங்கள். நனைத்த இடத்தைப் பினாயிலால் துடைக்காதீர்கள். அது நம் மூக்குக்குத்தான் நாற்றத்தை மறைக்கும், நாய் பாதத்தை நக்கினால் கெடுதலும்கூட. பெட் ஷாப்பில் என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கும், அதுதான் வாசனையை எடுக்கும். கொல்லையில் இரண்டுக்குப் போனதை அன்றன்றே அள்ளிவிடுங்கள். கொக்கிப்புழு முட்டை மண்ணில் பொரித்து, அந்தப் புழு வெறுங்கால் வழியாக ஏறும்.

என் நாய் மணி என்னிடம் வந்தபோது அவனுக்கு நாலு வயது. சிமெண்ட் தரையிலேயே கட்டிக்கிடந்தவன். முதல் வாரம் பனியில் நனைந்த புல்லில் பாதம் பட்டதும் தூக்கி உதறுவான், என்னைப் பார்ப்பான், மறுபடி உதறுவான். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பேன். ஆறு வாரம் பிடித்தது.

மூக்கைத் தேய்க்கிற வேலையை இத்தோடு விடுங்கள். அதனால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் கண்ணெதிரே போகக்கூடாது என்பது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும், தோட்டத்தில் நீங்கள் நின்றாலும் போகாது. தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறது, தூக்கத்தில் நனைக்கிறது என்றால் அது பழக்கக் கோளாறு கிடையாது. ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து டாக்டரிடமோ சிறுநீரைச் சோதித்துவிடுங்கள்.

கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு: கூடாது. ஒரு வீடு ஏற்கெனவே கைகழுவிய ஜீவன் அது. நண்பரிடம் சரி என்று தலையாட்டி வாங்கியது உங்கள் கணவர். கடிதத்தில் அவர் வருவதே இரண்டு இடத்தில்தான், நாய் வந்தபோதும் ஆபீஸ் போகும்போதும். நடுவில் ஆளைக் காணோம். காலை ஆறு மணி முறை அவருடையது. ராத்திரி பத்து மணி உங்களுடையது. பையன் பள்ளிவிட்டு வந்ததும் அவன் நிற்கட்டும். பத்து நிமிடம் தென்னை மரத்தடியில் நின்றால் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஒன்றும் குறையாது. பெரியவருக்கு மதியம் ஒரு தடவை போதும், அதுவும் வெயில் நாளில், அவருக்கு இஷ்டமிருந்தால். இத்தனை நாள் செய்ததற்கு அவரிடம் ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியாக வேண்டும், கணவரை விட்டுச் சொல்லச் சொல்லாமல்.

அந்தக் கடப்பாக் கல்லை இந்த ஞாயிற்றுக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்து, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயும்வரை ஜிம்மியை அந்தப் பக்கம் விடாதீர்கள். பிரஷ்ஷை உங்கள் கணவர் கையில் கொடுங்கள்.